சோனிபட்டுக்கு வராத கொசு

திருப்பூரில் நீல நிற பிளாஸ்டிக் டிரம் இல்லாத வீட்டைப் பார்ப்பது கஷ்டம். ஏதோ ஒரு சாயப்பட்டறைக்குக் கெமிக்கல் சுமந்து வந்து, காலியாகி, பழைய சாமான் கடை வழியாக வீட்டு வாசலுக்கு வந்து சேரும். நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்பது ஏரியாவைப் பொறுத்தது. ஆகவே பிடித்து வைத்தாக வேண்டும். பிடித்து வைத்த சுத்தமான தண்ணீரில்தான் ஏடிஸ் எஜிப்தி முட்டையிடும். சாக்கடையில் வளர்கிற கொசு வேறு ஜாதி. மாநகராட்சியிலிருந்து கொசு ஒழிப்புப் பணியாளர்கள் டார்ச்சோடு வந்து டிரம்முக்குள் அடித்துப் பார்ப்பார்கள். புழு நெளிந்தால் அபேட் மருந்து ஊற்றுவார்கள், திட்டுவார்கள், போய்விடுவார்கள். 2012-இல் தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் டெங்கு. 2017-இல் 23,000 பேருக்கு மேல். இவை அரசு ஒப்புக்கொண்ட கணக்கு.

இதே ஏடிஸ் கொசுவுக்காக இந்திய நாடாளுமன்றம் ஒருமுறை கொந்தளித்தது என்பது எனக்கு முதலில் கதையாகத்தான் வந்து சேர்ந்தது. என் பெரியப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சங்கத்து ஆள். ஊருக்குள் டெங்கு வரும்போதெல்லாம் தவறாமல் சொல்வார்: "அமெரிக்காக்காரன் அந்தக் காலத்துலயே டெல்லிப் பக்கம் கொசு விட்டுப் பாத்தானுங்கடா. நம்மாளுக கண்டுபுடிச்சு வெரட்டி உட்டாங்க." வாட்ஸாப்பில் சுற்றுகிற எத்தனையோ கதைகளில் ஒன்றாக இதையும் ஒதுக்கிவிடலாம். ஆனால் இது ஒதுக்கக்கூடிய கதை இல்லை. பாதி நடந்தது. மீதிப் பாதி நடந்ததா என்று கேட்டவர்கள் சாதாரண ஆட்களும் இல்லை.

நடந்தது இதுதான். 1969-இல் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (நாம் இப்போது ஐ.சி.எம்.ஆர். என்று தினமும் சொல்கிறோமே, அதேதான்) ஓர் ஒப்பந்தம் போட்டன. கொசுக்களை மரபியல் வழியில் கட்டுப்படுத்த டெல்லியில் ஓர் ஆய்வுப் பிரிவு. டி.டி.டி. தெளித்துத் தெளித்துக் கொசுக்களுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டிருந்த காலம். மருந்துக்குப் பதிலாகக் கொசுவையே கொசுவுக்கு எதிராக அனுப்பினால் என்ன என்பது யோசனை. ஆண் கொசு கடிக்காது. ஆண்களை லட்சக்கணக்கில் வளர்த்து, மலடாக்கி, ஊருக்குள் விட்டால், அவற்றோடு இணையும் பெண் கொசுக்களின் முட்டை பொரியாது. தலைமுறை தலைமுறையாக எண்ணிக்கை சரியும். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ், நகரத்து மலேரியாவைப் பரப்பும் ஒருவகை அனாபிலஸ் என மூன்றும் பட்டியலில் இருந்தன. வேலை தொடங்கியது கியூலெக்ஸில்.

மலடாக்க இரண்டு வழிகளை முயன்றார்கள். ஒன்று தயோடெபா என்ற ரசாயனம். புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் மருந்து அது. கூட்டுப்புழுப் பருவத்திலேயே அதில் நனைத்து எடுப்பார்கள். இன்னொன்று அழகான உத்தி. ஓர் ஊர்க் கியூலெக்ஸின் ஆணும் வேறோர் ஊர்க் கியூலெக்ஸின் பெண்ணும் இணைந்தால் சில சமயம் முட்டை பொரிவதே இல்லை. ஹான்னஸ் லாவன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1967-இல் பர்மாவில் ரங்கூனுக்குப் பக்கத்தில் ஒக்போ என்ற ஊரில் இதை வைத்து ஒரு கிராமத்தின் கொசுக்களையே ஒழித்துக் காட்டியிருந்தார். டெல்லியைச் சுற்றிய கிராமங்களில் இரண்டு வழிகளிலும் மலட்டு ஆண்கள் விடப்பட்டன. அடுத்த பெரிய திட்டம் ஏடிஸ். 1975 தொடக்கத்தில் ஹரியாணாவின் சோனிபட் நகரில் விட்டு, அந்த ஊரின் ஏடிஸ் கூட்டத்தை மொத்தமாகத் துடைத்தெடுக்க முடியுமா என்று பார்ப்பது.

பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் இந்தக் கதையில் மேலே போக முடியாது. பி.எல். 480 என்று ஒரு காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல் இருந்தது. 1954-இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்தின் எண் அது. தங்களிடம் மிஞ்சிய விளைபொருளை வெளிநாடுகளுக்கு அந்தந்த நாட்டுப் பணத்துக்கே விற்பார்கள். 1956-இலிருந்து நமக்குக் கோதுமை வந்தது, கூடவே பருத்தியும் வந்தது. டாலர் கொடுக்க வேண்டாம், ரூபாய் போதும். அந்த ரூபாயை அமெரிக்கா வெளியே கொண்டுபோக முடியாது. இங்கேயே குவிந்தது. தூதரகச் செலவு, ஆய்வு, கல்வி எல்லாம் அதிலிருந்து நடந்தன. நம் வாசகர்களுக்கு ஒரு துணுக்கு: 1962-இலிருந்து அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்தப் பணத்தில் இந்தியப் புத்தகங்களை வாங்கி அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. தமிழ்ப் புத்தகங்களும் அதில் போயின. இங்கே எடைக்குப் போட்ட நாவல் சிகாகோவில் பத்திரமாகக் கிடைக்கிறது என்று நாம் வியக்கிறோமே, அதற்குப் பின்னால் இருப்பது கோதுமை. காமராஜர் காலத்து மதிய உணவில் கேர் நிறுவனம் தந்த பால் பவுடர் வந்தது அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு வழியாக. பெரியப்பா அந்தப் பாலைக் குடித்து வளர்ந்தவர். அதை அவரிடம் சொன்னால், "பால் குடுத்தவன் கொசு உடமாட்டானா?" என்பார். வாதமாக எடுபடாது, ஆனால் மறுப்பதும் அவ்வளவு எளிதில்லை.

1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிஹான், குவிந்த ரூபாயில் பெரும்பகுதியை இந்தியாவுக்கே திருப்பி, சுமார் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலை கொடுத்தார். கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்த காசோலை. அவ்வளவு பணத்தை ஒரு வெளிநாடு நம் மண்ணிலேயே வைத்திருந்தது என்பது அந்தக் காசோலையைப் பார்த்துத்தான் பலருக்கு உறைத்திருக்க வேண்டும். கொசுப் பிரிவுக்கான பணமும் இந்த பி.எல். 480 ரூபாய்தான். அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை வழியாக உலக சுகாதார நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து டெல்லிக்கு வந்தது. வாசலில் இருந்த பலகையில் ஜெனிவாவின் பெயரும் டெல்லியின் பெயரும் இருந்தன. பணம் கொடுத்தவர் பலகையில் இல்லை.

1974 ஜூலையில் பி.டி.ஐ. செய்தி நிறுவனம் இதை வெளியில் கொண்டுவந்தது. எழுதியவர் அதன் அறிவியல் செய்தியாளர் கே.எஸ். ஜெயராமன். ஆசிரியர் பொறுப்பில் இருந்தவர் சக்ரவர்த்தி ராகவன். நாடாளுமன்றத்தில் பெரும் அமளி. செய்தி எழுப்பிய சந்தேகத்தின் கூர்முனை ஏடிஸ் கொசுதான்.

ஏன் ஏடிஸ்? இங்கே மஞ்சள் காய்ச்சல் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருப்பூர் ஏற்றுமதிக்காரர்கள் நைஜீரியா பக்கம் போகும்போது, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் ஊசி போட்டு ஒரு மஞ்சள் அட்டை வாங்கிக்கொண்டு போவார்கள். அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் விமான நிலையத்திலேயே தனியாக உட்கார வைத்துவிடுவார்கள். இந்த விஷயத்தில் இந்தியா காட்டும் கண்டிப்பு பலருக்கு வேடிக்கையாக இருக்கும். காரணம் எளியது. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் கொல்லும் மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் இதுவரை வரவில்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி நம் டிரம்முக்குள்ளேயே இருக்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத கோடிக்கணக்கான மக்களும் இருக்கிறார்கள். வைரஸ் ஒன்றுதான் பாக்கி.

இப்போது 1974-இல் ஒரு நாடாளுமன்ற உறுப்பினராக உங்களை வைத்துப் பாருங்கள். ஏடிஸ் ஒரு நகரத்தில் எவ்வளவு தூரம் பறக்கும், எத்தனை நாள் உயிரோடிருக்கும், ஒரு கூட்டத்துக்குள் புதிய கொசு எவ்வளவு வேகமாகக் கலக்கும் என்ற விவரங்கள் கொசுவை ஒழிக்க நினைப்பவனுக்குத் தேவை. மஞ்சள் காய்ச்சலைக் கொசு வழியாக ஏவ நினைப்பவனுக்கும் அட்சரம் பிசகாமல் அதே விவரங்கள்தான் தேவை. ஒரே அட்டவணை, இரண்டு பயன். அமெரிக்க ராணுவம் 1955-இல் ஜார்ஜியா மாநிலத்தில் நோய்க்கிருமி இல்லாத ஏடிஸ் கொசுக்களை மூன்று லட்சத்துக்கும் மேல் விட்டு, அவை பரவிப் போய் மனிதர்களைக் கடிக்கின்றனவா என்று சோதித்தது. அந்தச் சோதனைக்குப் பெயர் 'பிக் பஸ்', பெரிய ரீங்காரம். நிக்ஸன் தாக்குதலுக்கான உயிரியல் ஆயுதத் திட்டத்தை நிறுத்துவதாக அறிவித்தது 1969 நவம்பரில். நம் ஒப்பந்தம் போடப்பட்ட அதே வருஷம். இந்தத் தேதிப் பொருத்தத்தால் எதுவும் நிரூபணமாகாது. ஆனால் 1971-இல் வங்கக் கடலுக்குள் ஏழாவது கடற்படையைப் பார்த்த ஒரு தலைமுறைக்கு நிரூபணம் வரும்வரை காத்திருக்கத் தோன்றியிருக்காது.

சந்தேகம் கொசுவோடு நிற்கவில்லை, பறவைக்கும் போனது. 1957-இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. பின் மனிதர்களும் செத்தார்கள். உண்ணியால் பரவும் புதிய வைரஸ். புனேயில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு 1952-இல் தொடங்கப்பட்ட வைரஸ் ஆய்வு மையம் அதைக் கண்டுபிடித்தது. அதன் நெருங்கிய உறவினர் ரஷ்யாவில் இருந்தது. அப்படியானால் வலசைப் பறவைகளின் உடலில் தொற்றிக்கொண்டு உண்ணிகள் சைபீரியாவிலிருந்து வந்திருக்குமோ? நியாயமான அறிவியல் கேள்வி. பறவைகளுக்குக் காலில் வளையம் மாட்டி, உண்ணி பொறுக்கும் வேலை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திடம், அதாவது சாலிம் அலியிடம் வந்தது. முதலில் உலக சுகாதார நிறுவனத்தின் பணம். 1960களில், கிழக்கு ஆசியா முழுக்க வலசைப் பறவைகளை ஆராய்ந்த ஒரு பெரிய திட்டத்தின் பணமும் வந்தது. அந்தத் திட்டத்தை நடத்தியவர் எலியட் மெக்ளூர் என்ற பறவையியலாளர். பணம் அமெரிக்க ராணுவத்தினுடையது. நம் கோடியக்கரையும் அந்தக் கழகம் பறவைகளுக்கு வளையமிட்ட இடங்களில் ஒன்று. உப்பளத்துச் சேற்றில் நின்று உள்ளான் காலில் அலுமினிய வளையம் மாட்டியவருக்குத் தன் வேலை எந்த நாட்டுக் கோப்பில் போய் உட்காரும் என்று எப்படித் தெரியும்?

சாலிம் அலிக்கு இந்தக் குற்றச்சாட்டு ஆறாத வருத்தம். அவர் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு. அவருக்குப் பறவைகள் எங்கே போகின்றன என்று தெரிய வேண்டும், அதற்குக் காசு தர உள்ளூரில் ஆளில்லை. ராணுவத்துக்கும் அது தெரிய வேண்டியிருந்தது, வேறு காரணத்துக்காக. இரண்டு ஆர்வங்களும் ஒரு பறவையின் காலில் சந்தித்துக்கொண்டன. இது சதி அல்ல. ஆனால் 'பறவைகள் மேலுள்ள அன்பு மட்டும்தான்' என்று சொல்லிவிடவும் முடியாது.

விசாரித்தது நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு. தலைவர் மார்க்சிஸ்ட் கட்சியின் ஜோதிர்மயி பாசு. குழுவின் 167-ஆவது அறிக்கை 1975 ஏப்ரலில் வந்தது. தலைப்பு இந்திய ஆய்வுகளில் வெளிநாட்டுப் பங்கேற்பு பற்றியது. கொசுப் பிரிவு, பறவை ஆய்வு, ஜோத்பூரில் விமானம் மூலம் நுண்துளியாக மருந்து தெளிக்கும் திட்டம், பந்த்நகரில் நுண்ணுயிர்ப் பூச்சிக்கொல்லித் திட்டம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். கணக்குக் குழு என்பதால் அவர்கள் கேட்டவை கணக்காளர் கேள்விகள்: பணம் யாருடையது, ஒப்பந்தத்தைப் பார்த்தவர் யார், விவரங்கள் யாருக்குப் போகின்றன, நாட்டில் மலேரியா தலைவிரித்தாடும்போது ஏன் வேறு கொசுக்களுக்கு முன்னுரிமை? கடைசிக் கேள்வி வெறும் அரசியல் இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் கீழே வந்திருந்த மலேரியா, 1976-இல் 64 லட்சத்தைத் தாண்டியது. இந்த விவரங்களால் இந்தியாவைவிட வெளிநாட்டுக்கே அதிகப் பயன் என்ற முடிவுக்கு வந்தது குழு. உயிரியல் போருக்கான சாத்தியத்தையும் எழுப்பியது. ஆனால் ஆயுதம் என்று சொல்லத்தக்க எதுவும் கண்டெடுக்கப்படவில்லை.

சோனிபட் சோதனை நிறுத்தப்பட்டது. 1975 ஜூன் மாத இறுதியில் கொசுப் பிரிவே மூடப்பட்டது. அதற்குச் சில நாள் முன்புதான் நெருக்கடி நிலை வந்தது. ஜோதிர்மயி பாசு சிறைக்குப் போனார். தினசரிகளுக்குத் தணிக்கை. மேலே பேச ஆளில்லாமல் விவகாரம் அப்படியே உறைந்தது. 'நேச்சர்' இதழ் அந்த வருஷம் எழுதிய தலையங்கத்தின் தலைப்பில் டெல்லியையும் ஜெனிவாவையும் பெயர் சொல்லி அங்கலாய்த்துக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் 1976-இல் தன் தரப்பை விரிவாக வெளியிட்டது: ரகசியம் எதுவுமில்லை, முடிவுகளெல்லாம் ஆய்விதழ்களில் வெளியானவை என்று.

நான் இந்த விவகாரத்தைப் படிக்கப் படிக்க, 'ஆயுதமா இல்லையா' என்ற கேள்வியின் மீது ஆர்வம் குறைந்துகொண்டே போனது. ஆயுதம் செய்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. அங்கே வேலை பார்த்தவர்கள், பின்னாளில் லண்டனில் புகழ்பெற்ற கிறிஸ் கர்டிஸ் உட்பட, ஆயுள் முழுக்கக் கொசுவோடு போராடியவர்கள். அவர்களைக் கொலைகாரர்கள் போல எழுதியது அநியாயம். ஆனால் கணக்குக் குழுவின் மற்ற கேள்விகளுக்கு 'நாங்கள் நல்லவர்கள்' என்பது பதிலே இல்லை. எங்கள் ஊரில் இருந்து பார்த்தால் இது நன்றாகப் புரியும்.

திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனி என்றால் ஆடிட் இருக்கும். வெளிநாட்டு பையர் சார்பில் ஆட்கள் வந்து, தீயணைப்புக் கருவி, கழிப்பறை, ஓவர்டைம், வயது எல்லாம் பார்ப்பார்கள். டெய்லர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள். நான் கொஞ்ச காலம் இந்த ஆடிட் விவரங்களைச் சேர்த்து வைக்கும் மென்பொருளில் வேலை பார்த்தேன். ஒரு கம்பெனியில் டேப்லெட்டோடு நின்றிருந்தபோது, பேட்டி முடிந்து வந்த ஓவர்லாக் அக்கா ஒருவர் கேட்டார்: "ஏனுங்க சார், இத்தன கேக்கறாங்களே, நாங்க சொல்றதெல்லாம் எங்கீங்க போகுது?" அந்த மென்பொருளில் மூன்றுவகை லாகின்: பையருக்கு, ஆடிட்டருக்கு, கம்பெனிக்கு. யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் அழிக்கலாம் என்று ஒரு பெர்மிஷன் டேபிள். டெய்லருக்கு அதில் வரிசையே கிடையாது. யாரும் கெட்ட எண்ணத்தில் விட்டதில்லை. காசு தருபவர் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆடிட்டால் அந்த அக்காவுக்கு நல்லதும் நடந்திருக்கிறது, ஒழுங்கான கழிப்பறை வந்ததே பையர் நெருக்கியதால்தான். ஆனாலும் அவர் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

டெல்லிக் கொசுப் பிரிவின் பெர்மிஷன் டேபிளை வரைந்து பார்த்தால், ஜெனிவாவுக்கு ஒரு வரிசை, ஐ.சி.எம்.ஆருக்கு ஒரு வரிசை, பணம் தந்த அமெரிக்கத் துறைக்கு ஒரு வரிசை. சண்டை முழுக்க, இந்த மூன்றில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதைப் பற்றியது. வீட்டு முற்றத்தில் கொசு விடப்பட்ட கிராமத்தார்கள் எந்த வரிசையிலும் இல்லை. தயோடெபா புற்றுநோய் உண்டாக்குமா, கிணற்றுத் தண்ணீரில் கலக்குமா என்று பத்திரிகைகள் பின்னால் கேட்டன. அந்தக் கேள்வியைக் கேட்க உரிமை இருந்தவர்களிடம் முன்னால் போய் யாரும் உட்காரவில்லை. பிரிவை மூடியபோதும் அவர்களைக் கேட்டு மூடவில்லை.

இந்தோனேசியாவில் இதே நாடகம் இன்னும் வெளிப்படையாக நடந்தது. அங்கே பலகையிலேயே ராணுவம் இருந்தது: அமெரிக்கக் கடற்படையின் இரண்டாவது மருத்துவ ஆய்வுப் பிரிவு, சுருக்கமாக நாம்ரு-2. 1968-இல் மத்திய ஜாவாவில் பிளேக் வந்தபோது உதவிக்கு அழைக்கப்பட்டு, 1970 முதல் ஜகார்த்தாவில் நிலைகொண்டது. சுகார்த்தோ காலம், கேள்வி கேட்பவர் குறைவு. மலேரியா, டெங்கு ஆய்வில் நல்ல வேலை செய்தது என்பதை அதன் எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். 2005-இல் பறவைக் காய்ச்சல் மனிதர்களைக் கொல்லத் தொடங்கியதும் விஷயம் மாறியது. இந்தோனேசியா அனுப்பிய வைரஸ் மாதிரியை வைத்து ஓர் ஆஸ்திரேலியக் கம்பெனி தடுப்பூசி தயாரிக்கிறது என்று சுகாதார அமைச்சர் சித்தி ஃபாடிலா சுபாரிக்குத் தெரியவந்தது. மாதிரி நம்முடையது, செத்தவன் நம்மவன், தடுப்பூசி மட்டும் காசு உள்ளவனுக்கா? மாதிரி அனுப்புவதை நிறுத்தினார். நாம்ரு-2 மீதும் திரும்பினார். ஒப்பந்தம் 2005-இலேயே காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்கும் பேச்சு, ஊழியர்களுக்குத் தூதரக விலக்குரிமை கேட்டதில் முட்டிக்கொண்டு நின்றது. 2010-இல் ஆய்வகம் மூடப்பட்டது.

சுபாரி தன் புத்தகத்தில் உயிரியல் ஆயுதச் சந்தேகத்தையும் கிளப்பினார். அதற்கும் ஆதாரம் வரவில்லை. ஆனால் அவருடைய முதல் கேள்வி உலகத்தை அசைத்தது. 2011-இல் உலக சுகாதார நிறுவனத்தில், கொள்ளைநோய் ஃப்ளூ வைரஸ் மாதிரிகளைப் பகிர்ந்தால் தடுப்பூசியிலும் பங்கு தர வேண்டும் என்ற ஏற்பாடு உருவானது. ஜகார்த்தாவில் கத்திய கத்தலுக்கு ஓர் உடன்படிக்கையாவது மிஞ்சியது. 1975-இல் நம் கத்தலில் மிஞ்சியது என்ன?

ஒன்று மிஞ்சியது, நம் பக்கத்திலேயே. அதே 1975-இல் பாண்டிச்சேரியில் ஐ.சி.எம்.ஆரின் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. தலைமையேற்று அதை வளர்த்தவர் பி.கே. ராஜகோபாலன். கியாசனூர் காட்டிலும் வேலை பார்த்தவர், டெல்லிக் கொசுப் பிரிவிலும் இருந்தவர். இந்தக் கதையின் எல்லா அறைகளுக்குள்ளும் போய் வந்த மனிதர். பாண்டிச்சேரி மையம் இந்தியப் பணத்தில், இந்திய முகவரியில், முக்கியமாக யானைக்கால் நோயையும் மலேரியாவையும் குறிவைத்து இயங்கியது. இதைச் சண்டையின் வெற்றி என்று எடுத்துக்கொள்ளலாம். நான் பெருமளவு அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

நட்டக் கணக்கும் உண்டு. 1996-இல் டெல்லியில் டெங்கு வெடித்தது. 10,000 பேருக்கு மேல் நோய், 400-க்கும் மேற்பட்ட சாவு. சோனிபட் அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். அன்று அந்தச் சோதனை நடந்திருந்தால் இது நடந்திருக்காது என்றெல்லாம் சொல்ல வரவில்லை, மலட்டு ஆண்களை விடுவதை நிறுத்தினால் கொசு திரும்பி வந்துவிடும். ஆனால் ஏடிஸை ஓர் ஊரிலிருந்து துடைக்க முடியுமா என்ற கேள்விக்கு நமக்கே நமக்கென்று ஒரு பதில் கிடைத்திருக்கும், அது தோல்வியாக இருந்தாலும்.

சந்தேகமும் அப்படியே தங்கிவிட்டது, முறை மட்டும் வளரவில்லை. நாகாலாந்தில் மிமி என்ற கிராமத்தில் வௌவால் வேட்டையாடுபவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2019 அக்டோபரில் வெளியானது. எபோலா வகை வைரஸ்களுக்கான எதிர்ப்புப் புரதங்கள் அவர்கள் உடலில் இருந்தன. முக்கியமான கண்டுபிடிப்பு. ஆய்வாளர் பட்டியலில் வூஹான் வைராலஜி நிறுவனத்தைச் சேர்ந்த இருவர். நிதி கொடுத்தவர்களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒரு முகமை. 2020 தொடக்கத்தில், உலகமே வூஹான் என்ற பெயரை உச்சரிக்கக் கற்றுக்கொண்டிருந்த நேரத்தில், ஐ.சி.எம்.ஆர். விசாரணை நடத்திய செய்தி வந்தது. மாதிரிகள் எதுவும் வெளியே போகவில்லை, அந்தப் பணம் தங்களுக்கு வரவில்லை என்று பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் விளக்கம் தந்தது. யார் அனுமதி கொடுத்தது, யார் பணம், யார் கையில் மாதிரி என்று 1974-இன் அதே மூன்று கேள்விகள். தலைமுறை தலைமுறையாக வௌவால் பிடிக்கும் மிமி மக்களுக்கு அந்த முடிவை யார் போய்ச் சொன்னார்கள் என்பதை நான் படித்த செய்திகள் எதுவும் கேட்கவில்லை.

இனி அந்தக் கொசுவின் இன்றைய நிலை. லாவன் பர்மாவில் பயன்படுத்திய பொருந்தாமைக்குக் காரணம் கொசுவின் செல்லுக்குள் குடியிருக்கும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா என்பது 1971-இல் தெரியவந்தது. ஏடிஸ் எஜிப்தியில் இயல்பாக அது இருப்பதில்லை. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அதற்குள் வோல்பாக்கியாவைக் குடியேற்றினார்கள். அந்தக் கொசுவுக்குள் டெங்கு வைரஸால் சரியாக வளர முடிவதில்லை. 2022 ஜூலையில் பாண்டிச்சேரி மையம், மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த முட்டைகளைக் கொண்டு வோல்பாக்கியா உள்ள உள்ளூர் ஏடிஸ் வகைகளை உருவாக்கிவிட்டதாகவும், வெளியே விட அரசின் அனுமதிக்குக் காத்திருப்பதாகவும் சொன்னது. டெல்லியில் கியூலெக்ஸை வைத்துச் செய்த அதே உத்தியின் பேரப்பிள்ளை, சண்டையின் விளைவாக வளர்ந்த மையத்தின் வலைக்கூண்டுக்குள் இருக்கிறது.

ஒரு வித்தியாசம். சோனிபட்டில் விட இருந்தவை கடிக்காத ஆண்கள். இந்த முறையில் பெண் கொசுக்களையும் விட்டாக வேண்டும், அவைதான் பாக்டீரியாவை அடுத்த தலைமுறைக்குக் கடத்தும். அவை கடிக்கும். ஆகவே ஊர்க்காரர்களைக் கேட்காமல் செய்யவே முடியாது. இதைச் செய்து காட்டிய ஊர் நாம்ரு-2-ஐ வெளியேற்றிய அதே இந்தோனேசியாவில்தான் இருக்கிறது. யோக்யகர்த்தா. கஜா மடா பல்கலைக்கழகமும் மோனாஷும் சேர்ந்து செய்தார்கள். பணம் கொடுத்தது தஹிஜா என்ற இந்தோனேசியக் குடும்பத்தின் அறக்கட்டளை. கொசு முட்டைகளும் தண்ணீரும் உள்ள வாளிகளை, சம்மதித்த வீட்டாரின் தோட்டத்தில் வைத்தார்கள். 2021-இல் வெளியான முடிவு: டெங்கு 77 சதவீதம் குறைவு.

2023 நவம்பரில் அதே வாளிகளை பாலித் தீவுக்குக் கொண்டுபோக ஏற்பாடானது. வெளிநாட்டுக்காரன் கொசு விடுகிறான் என்ற பேச்சு கிளம்பியது. தொடங்க வேண்டிய நாளுக்கு முன்பே திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. செய்தியைப் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். யோக்யகர்த்தாவில் வீடு வீடாகச் சம்மதம் வாங்கினார்கள் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "ஊட்டுக்காரன் மாட்டேன்னா வாளிய எடுத்துட்டுப் போயிருவானா?" என்று கேட்டார். எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றேன். மேலே படி என்றார்.